ஜெயித்தவள் எஞ்சின்

பர்மியப் பெருநகரில், பசுந்தாங் பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு கார் இன்னொரு காரை முந்த வேண்டுமென்றால் முதலில் ஒரு பஸ் மனசு வைக்க வேண்டும். அப்படிப்பட்ட தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கும் என் தங்கைக்கும் கார் ரேஸ் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பிடித்தது, அவ்வளவுதான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கு நாற்பத்து நான்கு. இந்த வயதில் எங்களைத் திருத்த யாரும் முயற்சி செய்வதில்லை.

எங்கள் பட்டறை ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கம் பழைய உதிரி பாகங்கள் விற்கிற கடை, அது என்னுடையது. பின்பக்கம் எஞ்சின் வேலை, அது அவளுடையது. எனக்கு வாய், அவளுக்குக் கை என்று பிரித்துக்கொண்டோம். வருகிறவர்கள் வண்டியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, "தங்கச்சி ஒரு தடவ பார்த்துருமில்ல?" என்று கேட்பார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. சரி, கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.

ரேஸ் நடப்பது நகரத்துக்கு வெளியே மாவ்பியில். அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் ஒரு விவசாயி தன் நிலத்தை எங்களுக்கு விடுவார். டிராக்டரை ஓட்டி முட்டை வடிவத்தில் ஒரு தடம் போடுவோம். தண்ணீர் வண்டி நாலு ரவுண்டு வந்து தூசியை அடக்கும். முதல் ரேஸ் முடிவதற்குள் தூசி மறுபடியும் எழுந்து எல்லார் முகத்திலும் தனக்கா மரப்பட்டைப் பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சு பூசிவிடும். கார் என்றதும் எதையும் பளபளப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரும்புக் குழாயில் ஒரு கூடு, அதற்குள் ஒரு சீட்டு, எங்கோ அடிபட்டுக் கிடந்த குட்டி ஜப்பான் காரின் மூன்று சிலிண்டர் எஞ்சின், தேய்ந்த டயர் நாலு. மொத்தம் பன்னிரண்டு வண்டிகள், அதில் ஒன்றை ஓட்டுவது என் தங்கை. பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் இதெல்லாம் தேவையா என்று என் மனைவி கேட்பாள். தேவையில்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளும் சோறு கட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

வாய் இருக்கிறவனுக்கே விசிலையும் கொடுத்தார்கள். விதிகளை எழுதுவதும் நான், ரவுண்டு எண்ணுவதும் நான், திட்டு வாங்குவதும் நான். எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பது என்னுடைய பிடிவாதம். யார் முன்னால் நிற்பது என்பதற்கு பிஸ்கட் டப்பாவில் எண் எழுதிய சோடா மூடிகளைப் போட்டுக் குலுக்கி எடுப்போம். ஆறு ஆறு வண்டியாக இரண்டு முன்சுற்று. ஒவ்வொன்றிலும் முதல் நாலு பேர் கடைசி ரேஸுக்குப் போவார்கள். அங்கேதான் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். முன்சுற்றில் முதலில் வந்தவர் கடைசி ரேஸில் கடைசியாக நிற்க வேண்டும், நாலாவதாக வந்தவர் முன்னால் நிற்கலாம் என்று வைத்தேன். வண்டி சுமாராக உள்ளவர்களுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கட்டுமே என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மாவ்பியில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆறு பேருக்கும் நாலாவதாக வர ஆசை. கடைசி ரவுண்டில் முன்னால் போனவர் பிரேக் போட, பின்னால் வந்தவரும் பிரேக் போட, காய்கறி வேன் ஓட்டுகிற ஒருவர் டயரைப் பார்ப்பதுபோல் இறங்கியே நின்றுவிட்டார். வயல்காரர் வீட்டு நாய் நிதானமாகத் தடத்தைக் கடந்து, நடுவில் ஒரு முறை உட்கார்ந்து சொறிந்துகொண்டு, எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தது. நான் விசிலை ஊதி ஊதி மூச்சு வாங்கினேன். அடுத்த வாரமே, முன்சுற்றில் ஜெயிப்பவருக்கு அன்றைய பெட்ரோலை மற்ற ஐந்து பேரும் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். அதற்குப் பிறகு ஒருவரும் பிரேக்கைத் தொடவில்லை.

இதெல்லாம் விளையாட்டு. நிஜமான சிக்கல் ஓர் அரிசி மில் முதலாளியின் உருவத்தில் வந்தது. மனிதர் தங்கமானவர், ஆனால் கையில் காசு அதிகம். எல்லை தாண்டி ஓர் எஞ்சினை வரவழைத்துப் பூட்டினார். அது தடத்தில் போவது எங்களுக்குக் காதில்தான் விழும். கண்ணில் படுவதற்குள் போய்விடும். மூன்று வாரம் தொடர்ந்து அவரே ஜெயித்தார். நாலாவது வாரம் ஒருவர் மனைவியின் சங்கிலியை விற்று எஞ்சின் வாங்கப் போவதாகக் காதில் விழுந்தது. இப்படியே விட்டால் இரண்டே பேர் ஓட்டுவார்கள், பத்துப் பேர் வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அதனால் ஒரு விதி போட்டேன். கடைசி ரேஸ் முடிந்து ஐந்து நிமிடத்துக்குள், அன்று ஓட்டிய யார் வேண்டுமானாலும் கை தூக்கி ஜெயித்தவரின் எஞ்சினைக் கேட்கலாம். பழைய எஞ்சின் சந்தையில் என்ன விலையோ அதே விலை. மறுக்க முடியாது. பல கைகள் எழுந்தால் சோடா மூடி. பறிபோகக்கூடிய எஞ்சினில் எவன் கண்மூடித்தனமாகக் காசைக் கொட்டுவான்?

முதல் வாரமே முதலாளி ஜெயித்தார். விசில் ஊதினேன். ஏழு கைகள் எழுந்தன. சோடா மூடி காய்கறி வேன்காரருக்கு விழுந்தது. முதலாளியின் முகம் வெற்றிலைச் சாறு மாதிரி சிவந்து, பிறகு அவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அடுத்த முறை எங்களைப் போலவே ஒரு சாதா எஞ்சினோடு வந்தார். வீடு திரும்பும்போது என் தங்கை லாரியில் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "ஏழு கை ண்ணே! ஏழு கை!" முதலாளிக்காகப் பரிதாபப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்த லட்சணம் அது.

அவள் அப்போதுதான் தன்னுடைய எஞ்சினைத் தொடங்கியிருந்தாள். விலை கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை. என் கடையில் விற்காமல் கிடந்தவை, வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று விட்டுப்போனவை, இவற்றிலிருந்து பொறுக்கி எடுத்தாள். இரண்டு மழைக்காலம். மின்சாரம் இருக்கிற நேரத்தில் கடைசல் இயந்திரத்தில் வேலை, இல்லாத நேரத்தில் வால்வுகளைக் கையாலேயே தேய்ப்பது. ஒவ்வொன்றையும் காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பாள். இன்னொன்றும் செய்தாள். நம் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடினாலும் முக்கால்வாசி கார்களில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தானே இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் பன்னிரண்டு வண்டியிலும் சீட்டை வலப்பக்கமே பூட்டியிருந்தோம். தடமோ எப்போதும் இடப்பக்கம் திரும்புவது. "நம்ம கனம் பூரா வெளிப்பக்கம் தள்ளுதுல்ல?" என்று கேட்டுவிட்டு அவள் சீட்டை இடப்பக்கம் மாற்றினாள். இத்தனை வருடம் அது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வண்டியை முதல் தடவை ஓட்டிப் பார்த்த அன்று எனக்குத் தெரிந்துவிட்டது, இது ஜெயிக்கும் என்று. ஜெயித்தால் போய்விடும் என்பதும் அதே நிமிடம் உறைத்தது. என்னுடைய விதி காசைத்தான் கணக்கில் எடுத்தது. இரண்டு மழைக்காலத்துக்கு அதில் இடமே இல்லை. வாயைக் கொடுத்து என் வீட்டுக்கே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ரேஸுக்கு முந்தின வாரம் மாவ்பியில் டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்கினேன். மற்ற பதினொரு பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, கூடவே அத்தோ நூடுல்ஸும் வாங்கிக் கொடுத்து, "என் தங்கை ஜெயித்தால் தயவுசெய்து கை தூக்காதீர்கள்" என்று கேட்டேன். அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன். எல்லோரும் "யாதே, யாதே" என்றார்கள், சரி சரி என்று. மில் முதலாளி மட்டும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு அவரும் சரி என்றார். எல்லோருக்கும் சமம் என்று தொண்டை கிழியக் கத்தியவன், டீயும் அத்தோவுமாகத் தன் வீட்டுக்கு மட்டும் தனி விதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முன்சுற்றில் ஜெயித்தாள். அதனால் கடைசி ரேஸில் எட்டு வண்டியில் கடைசியாக நின்றாள். இருபது ரவுண்டு. பத்தாவது ரவுண்டில் நாலாவது இடம். திருப்பத்தில் மற்றவர்கள் வெளியே வழுக்க, அவள் உள்பக்கமாகக் கோடு போட்ட மாதிரி வந்தாள். பதினேழாவது ரவுண்டில் மில் முதலாளியைத் தாண்டினாள். நான் எண்ணுவதை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் விரல் விட்டு எண்ணினாள். என் தங்கை ஜெயித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு விசிலை ஊதினேன். ஐந்து நிமிடம்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள். ஒருவர் சிகரெட் பற்றவைத்தார். ஒருவர் தன் டயரை ஆராய்ந்தார். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று. அவள் சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்று விழுவதைப் பார்த்தேன். ஐந்தாவது நிமிடம் விசிலை ஊதினேன், மகிழ்ச்சியாக ஊதுவதாக நினைத்துக்கொண்டு.

அவள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "ஏண்ணே ஒருத்தரும் கேக்கல? எஞ்சின் சத்தம் சரியில்லையா?"

"நல்லதுதானே? உன் எஞ்சின் உனக்கே இருக்குல்ல?"

"முதலாளி எஞ்சினுக்கு ஏழு கை தூக்கினாங்க. அது காசு குடுத்து வாங்கினது. இது நான் செஞ்சது. இத ஒருத்தருக்கும் வேணாமா?" குரல் உடைந்தது. என் தங்கை பொது இடத்தில் அழுது நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் நின்ற காய்கறி வேன்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அழுகை புரிந்தது. அந்த நல்ல மனிதர் தாங்க முடியாமல் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை போதும், அவள் பிடித்துக்கொண்டாள்.

"நீ போய்ச் சொன்னியா?"

"உனக்காகத்தாம்மா..."

"எனக்காகவா? இவங்க எல்லாரும் எனக்கு விட்டுக் குடுத்தாங்கன்னு நான் ஊருக்குப் போய்ச் சொல்லவா? நான் ஓட்டினது ரேஸா, உன் வீட்டு விசேஷமா?"

அவள் என் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். எல்லோரையும் பார்த்துப் பர்மியத்தில் உரக்கச் சொன்னாள்: "என் அண்ணன் சொன்னது எதுவும் செல்லாது. ஐந்து நிமிடம் இப்போது தொடங்குகிறது. எஞ்சின் வேண்டாம் என்றால் கை தூக்காதீர்கள். வேண்டும் என்று நினைத்தும் எனக்காகப் பாவம் பார்த்து நின்றால் இனி என் பட்டறைப் பக்கம் வராதீர்கள்." ஓங்கி விசிலை ஊதினாள்.

முதலில் எழுந்தது மில் முதலாளியின் கை. "நான் அந்த டீயைக் குடித்திருக்கவே கூடாது, சயாமா" என்றார். வேலை தெரிந்த ஆணை சயா என்பார்கள், பெண்ணைச் சயாமா. அத்தனை நாளும் மாவ்பியில் அவள் பசுந்தாங் கடைக்காரரின் தங்கை மட்டும்தான். காய்கறி வேன்காரர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றை இறக்கச் சொன்னோம். பிறகு கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவள் விரல் நீட்டிச் சத்தமாக எண்ணினாள், எண்ணி முடித்து மறுபடியும் ஒரு முறை எண்ணினாள்.

சோடா மூடி த்வாண்டேயிலிருந்து பானை ஏற்றி வரும் லாரிக்காரருக்கு விழுந்தது. அவளே ஸ்பேனரை எடுத்துக் கழற்றினாள். முதல் பத்து நாள் அழுத்தி மிதிக்காதே, எண்ணெயை இந்த அளவுக்கு மேல் ஊற்றாதே, மூன்றாவது சிலிண்டர் சூடானால் என்னிடம் கொண்டு வா என்று அவரிடம் அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டிக்கொண்டே, எஞ்சினைப் பானைக்குப் போடுகிற வைக்கோலில் சுற்றி லாரியில் ஏற்றினார். அதைப் பார்க்க மாட்டாமல் நான் திரும்பிக்கொண்டேன். விசில் அதற்குப் பிறகு என் கைக்குத் திரும்பி வரவில்லை. இப்போது என் மனைவியிடம் இருக்கிறது. அவள் யாரிடமும் டீ வாங்கிக் குடிப்பதில்லை.

எஞ்சின் இல்லாத கூட்டை லாரியில் கட்டிக்கொண்டு திரும்பினோம். வழி நெடுக நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். என் தங்கை கிரீஸ் படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பசுந்தாங் நெருங்கியதும், வழக்கம்போல் பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது, என் பக்கம் திரும்பினாள்.

"பதினொண்ணு ண்ணே" என்றாள். "முதலாளிக்கு ஏழுதான்."