ஹரிணியின் அலுமினிய ஏணி

மே மாதம் முதல் வாரத்தில் ஹரிணிக்கு இரண்டு கல்லூரிகளில் சீட் கிடைத்தது. ஒன்று வடக்கே, ரயிலில் இரண்டு நாள் போக வேண்டிய ஊரில், பொருள் வடிவமைப்பில் முதுகலை. இன்னொன்று பெங்களூரில், புத்தகம், போஸ்டர், செல்போன் திரை இவற்றையெல்லாம் வடிவமைக்கிற படிப்பு. வடக்கே நாடு முழுக்கச் சலித்துப் பதினைந்து பேரைத்தான் எடுப்பார்கள். எஸ்டேட் கூலியாட்களின் லைன் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அதில் ஒரு இடம் என்றால் ஏற்காடே மேளம் கொட்டியிருக்க வேண்டும். சேலத்தில் அவளுக்குப் பாடம் நடத்திய ஆன்மேரி மேடம் போனிலேயே அழுதுவிட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வடக்கே கிளம்பு என்றார். பதினைந்தாம் தேதிக்குள் ஒன்றைத் தேர்ந்து பதில் அனுப்ப வேண்டும்.

ஹரிணிக்கோ பெங்களூர்ப் பக்கம்தான் மனசு சாய்ந்தது. போஸ்டர் சரியாக அமையவில்லை என்றால் யாருக்கும் முதுகு ஒடியாது.

வடக்கே சீட் கிடைத்ததே ஒரு ஏணியால்தான். இந்த மலையில் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு முப்பதடி போகும். அதைப் பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவுக்குக் கணு ஒரு சாண் கிளையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சீவி எறிந்திருப்பார்கள். அந்தக் குச்சியில் கால் வைத்து ஏறி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அந்தரத்தில் நிற்க வேண்டும். ஹரிணியின் அப்பா காளியப்பன் இருபத்தாறு வருஷம் அப்படி நின்றவர்.

மகள் கல்லூரியின் கடைசி வருஷத்தில் அப்பாவுக்காக ஒரு ஏணி செய்தாள். ஒரு கையால் தூக்கக்கூடிய அலுமினியம். மரத்தைக் கவ்வ மேலே ஒரு வளைவு. பாதம் முழுக்கப் பதிகிற மாதிரி அகலமான தட்டைப் படிகள். அந்த அகலப் படியில்தான் அவளுக்கு ஏகப் பெருமை. கல்லூரி மைதானத்து வேப்பமரத்தில் சாய்த்து, கூடப் படிக்கிற பன்னிரண்டு பேரை ஷூ காலோடு ஏற்றி இறக்கினாள். நல்ல மத்தியான வெயில். ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு டிக் போட்டு நோட்டை மூடி வைத்தாள். படித்த பிள்ளைகள் இப்படித்தான், டிக் போட்டால் உலகம் சரியாகிவிட்டதென்று நம்பிவிடும்.

பிப்ரவரியில் மிளகுப் பறிப்பின் முதல் நாள் வந்தது. அன்றைக்கு ஏணியின் அடியில் சூடம் கொளுத்திக் கும்பிடுவார்கள். அன்று மட்டுமல்ல, என்றைக்குமே செருப்புக் காலால் ஏணியை யாரும் மிதிக்க மாட்டார்கள். காளியப்பன் மற்ற ஆட்கள் வருவதற்கு முன்பே, விடிந்தும் விடியாத பனியில் மகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார். மகள் செய்த ஏணியில் முதல் கால் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ஏணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏறினார். ஐந்தாம் படியில் நின்று திரும்பிச் சிரித்தார். ஹரிணி படம் எடுத்தாள், முதுகலை நேர்காணலில் காட்ட வேண்டிய படம். அவர் மேலே ஏற, இவள் குனிந்து படம் நன்றாக வந்திருக்கிறதா என்று செல்போனைப் பார்த்தாள். அப்போதுதான் சத்தம் கேட்டது.

மல்லாந்து கிடந்தார். இடுப்புக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை என்றார். அவள் கத்த வாயைத் திறந்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"கத்தாத கண்ணு. மொதல்ல அந்த ஏணியத் தூக்கி மறைச்சு வை. பழைய மூங்கில் ஒண்ண எடுத்தாந்து போடு. மூங்கில் முறிஞ்சு விழுந்தேன்னு சொல்லோணும்."

எஸ்டேட் கொடுத்த ஏணியிலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரியை எஸ்டேட் பார்த்துக்கொள்ளும், குடியிருக்கிற வீடும் நிலைக்கும். சொந்த ஏணியிலிருந்து விழுந்தால் அது விழுந்தவன் பாடு. லைனில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். ஹரிணி அலுமினிய ஏணியைக் காப்பிச் செடிகளுக்குள் இழுத்துப் போட்டாள். உலர்ந்த மூங்கில் ஒன்றைப் பாறையில் சாய்த்து மிதித்து முறித்து அப்பாவின் பக்கத்தில் போட்டாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் தன் கைகளைப் பிடிக்காது.

காளியப்பனின் கால்கள் அதோடு போயின. சேலம் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வீட்டுக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். அம்மா அம்மணி உட்பட எல்லோரும் மூங்கிலைத்தான் திட்டினார்கள். எப்படி விழுந்தார் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. ஹரிணியும் கேட்கவில்லை, கேட்கத் தைரியமில்லை. ஏப்ரலில் நேர்காணல் நடந்தது. அந்த ஐந்தாம் படிச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, ஏறியவர்கள் யாருக்காவது சிரமம் இருந்ததா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளே திடுக்கிட்டாள்.

சீட் கிடைத்த செய்தி எஸ்டேட் மேனேஜர் காதுக்குப் போனது. அப்படி என்ன ஏணி அது, காட்டச் சொல் என்று அவர் கேட்க, அம்மணிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஹரிணி ஒரு ராத்திரி காட்டிலிருந்து கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் தகரத்தடியில் போட்டிருந்ததை எடுத்துத் துடைத்து, தலையில் வைத்து ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேனேஜர் ஆட்டிப் பார்த்தார், ஏறாமலே மெச்சினார். மூங்கில் ஏற்கனவே ஒரு ஆளைக் காவு வாங்கப் பார்த்தது, இனி இந்த எஸ்டேட்டில் மூங்கிலே வேண்டாம் என்று முடிவு செய்தார். ஜூனில் நிழல் மரங்களைக் கவாத்து செய்வதற்குள் இதே மாதிரி இருபது ஏணி வேண்டுமென்று அடிவாரத்து வெல்டிங் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினார்.

அம்மணி ஓடி வந்து புருஷனிடம் இதைச் சொன்னபோது காளியப்பன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா வேலைக்குப் போனதும் ஹரிணி அப்பாவின் கட்டிலருகே போய் நின்றாள். என்ன செய்வதென்று கேட்டாள். பேசாமல் ஏதாவது ஒரு காலேஜில் போய்ச் சேரு என்றார். அவளும் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, அன்றைக்குப் பனி அதிகம், இன்னொருவர் ஏறினால் ஒன்றும் ஆகாது. நாலு நாள் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். பெங்களூருக்குப் போட வேண்டிய துணிகளைக்கூட மடித்து வைத்துவிட்டாள்.

பதினாலாம் தேதி முதல் ஏணி தயாராகி வந்தது. காப்பிக் களத்தின் ஓரத்துச் சில்வர் ஓக்கில் சாய்த்து வைத்திருந்தார்கள். தூறல். ஆட்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஹரிணிக்குப் போர்த்த மேனேஜர் ஒரு சால்வை வாங்கி வைத்திருந்தார். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஆண்டனி ராஜ் சூடத்தைக் கொளுத்தினார். ஏறிக் காட்ட வந்தவர் மாதப்பன், இருபது வருஷமாகக் காளியப்பனுக்குப் பக்கத்து மரத்தில் மிளகு பறித்தவர். செருப்பைக் கழற்றினார், ஏணியைத் தொட்டுக் கும்பிட்டார், ஏறத் தொடங்கினார். மூன்றாம் படியில் அவர் பாதம் லேசாக நகர்ந்து நின்றதை ஹரிணி பார்த்தாள்.

"மாதப்பன் மாமா, எறங்குங்க. எங்கப்பா மூங்கில்ல விழலீங்க. என்ர ஏணியிலதான் விழுந்தாரு. நான்தான் மறைச்சேன்."

மாதப்பன் இறங்கினார். மேனேஜர் கையிலிருந்த சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். ஊட்டுல இருக்கற என்னய எதுக்கு முட்டாளாக்குனீங்க என்று அம்மணி அத்தனை பேர் நடுவிலும் மகளைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள்.

மறுநாள் காலையில் ரைட்டர் ஒரு காகிதத்தோடு வந்தார். நல்ல மனுஷர், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. இந்த மாதத்தோடு வைத்தியம் நின்றுவிடும், ஜூன் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மேலே இருந்து சொல்கிறார்கள், நான் என்ன செய்யட்டும் என்றார். மாதப்பன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருஷக் கூட்டாளி பொய் சொன்னது அவருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. உயிர் தப்பியதை எண்ணிப் பார்க்க அவருக்கு இன்னும் நேரம் வரவில்லை.

அன்றுதான் பதில் அனுப்பக் கடைசி நாள். ஹரிணி வடக்கத்திக் கல்லூரியைத் தேர்ந்தாள். பெங்களூர் இப்போது ஒளிந்துகொள்கிற இடமாகத்தான் தெரிந்தது. தான் செய்த ஏணியில் எங்கே தப்பு என்று தெரியாமல் அவளால் இனி எதையும் செய்ய முடியாது. இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்ற கேள்விக்குக் கீழே எல்லாவற்றையும் எழுதினாள். அப்பா விழுந்ததை, மூங்கிலை முறித்ததை, நேர்காணலில் சொன்ன பொய்யை. சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும் கொள்ளட்டும். ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்ப மனசு வரவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, எழுதியதைத் தமிழில் சொன்னாள்.

முந்தின நாளிலிருந்து அவளோடு பேசாமல் கிடந்த காளியப்பன் கண்ணை மூடிக் கேட்டார்.

"எப்படி விழுந்தேன்னு எழுதலியே."

"எனக்குத் தெரியாதுங்கப்பா. நான் பாக்கல."

"மூங்கில்னா கட்ட வெரலுக்கும் பக்கத்து வெரலுக்கும் நடுவுல கவ்விப் புடிச்சுக்குவோம். உன்ர படி பலகையாட்டம் அகலமா இருந்துது. வெரல் கவ்வ எடமில்ல. பனி வேற நொம்ப. மூணாம் படியிலயே நிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் எதுக்குங்கப்பா மேல ஏறுனீங்க?"

காளியப்பன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"நீ படம் புடிச்சுட்டு நின்ன சாமி. எறங்குனா உன்ர மொகம் வாடிப்போகுமேன்னு ஏறிட்டேன்."