கோல்கீப்பர் தூக்கிய கை

நாங்கள் முடிவெடுப்பதற்கு முன்பே சட்டைகள் வந்து சேர்ந்துவிட்டன. நீல நிறத்தில், முதுகில் எண் தைத்த பதினொரு சட்டைகள். செங்கல்பட்டு லீக்கின் செயலாளர் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைச் சுவரோரம் நாங்கள் பந்து விளையாடும் மணல்திடலில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தோம். உடனே திரும்பக் கட்டி வைத்துவிட்டோம். ஒருவன் எடுத்துப் போட்டுப் பார்த்தாலும் சம்மதித்ததாகிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கத்தில் அப்போது இரண்டு கால்பந்து லீக்குகள் இருந்தன. ஒன்றைச் செங்கல்பட்டு டவுனில் வக்கீல்களும் ரயில்வேக்காரர்களும் நடத்தினார்கள். மற்றது மாமல்லபுரத்திலிருந்து எங்கள் ஊர்வரை உள்ள கடலோரக் குப்பங்களுடையது. நாங்கள் அதில்தான் ஆடிவந்தோம். இரண்டில் எதில் டீம்கள் அதிகமோ அதற்கே அங்கீகாரம் என்று மெட்ராஸ் கால்பந்துச் சங்கம் சொல்லிவிட்டது. அதன்பிறகு ஆட்டத்தை விட ஆள் பிடிப்பதுதான் பெரிய வேலையாயிற்று. நல்ல ஆட்டக்காரன் ஒருவன் திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போனால் யாரோடு நின்று டீ குடித்தான் என்று விசாரித்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்து நின்றபோது, நாங்கள் நகர்ந்தால் கடலோர லீக் கவிழ்ந்துவிடும் என்ற நிலை வந்தது.

எங்கள் கேப்டன் என் அக்காவின் கணவர். அரிசி மில்லில் வேலை; அறுவடைக் காலம் முடிந்தால் அதுவும் இல்லை. டீமோடு வந்தால் ரயில்வே கேட்டில் நிரந்தர வேலை வாங்கித் தருவதாக டவுன் செயலாளர் அவரிடம் சொல்லியிருந்தார். மாமா அதை மறைக்கவில்லை. எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். அக்கா அப்போது மாசமாக இருந்தாள். அவள் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் மாமா சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் எழுந்து உள்ளே போனதை நான் பார்த்தேன்.

கடலோர லீக்கின் தலைவர் மீன் வியாபாரி. எங்கள் கோல்கீப்பர் கட்டுமரத்தில் கொண்டுவரும் மீன் முழுவதும் அவரிடம்தான் போகும். ஒருநாள் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டே பேசினார். "டவுனுக்குப் போறவங்க தாராளமா போங்க. மீனையும் அங்கியே வித்துக்குங்க." சொன்னது எங்கள் எல்லோருக்கும் பொதுவாக. பார்த்தது கோல்கீப்பரை. அவனும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் கை தூக்கச் சொன்னார் மாமா. "எனக்கு இதுல ஆதாயம் கீது. அதனால நான் தூக்க மாட்டேன்" என்றார். டவுன் என்றவர்கள் பாதி, நானும் அதில் ஒருவன். கடலோரம் என்றவர்கள் பாதி; கோல்கீப்பர் அதில் முதல் ஆள். அதுவரை டவுன்காரர்களை அவனளவுக்குத் திட்டியவர் யாருமில்லை. சரிபாதி என்றதும் மாமா வேட்டியிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அப்போ இருக்கற எடத்துலயே இருப்போம்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"இரு மச்சான்" என்றான் கோல்கீப்பர். பிறகு மறுபடியும் கையைத் தூக்கினான், இந்தத் தடவை டவுனுக்கு. யாரோ சிரித்தார்கள், விளையாடுகிறான் என்று நினைத்து. அவன் கையை இறக்கவில்லை. மாமா தலையசைத்து ஒப்புக்கொள்ளும்வரை அப்படியே நின்றான்.

டவுன் லீக்கில் முதல் ஆட்டத்துக்கு நாங்கள் பஸ் ஏறிய காலையில் அவன் வரவில்லை. ஆளனுப்பிக் கேட்டதற்கு, கை தூக்கியதோடு தன் வேலை முடிந்தது, கடலோரத்தை எதிர்த்துத் தன்னால் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டான். வேறொருவரைக் கோலில் நிறுத்தினோம். தோற்றோம். ஆட்டத்தின் நடுவே மாமா இரண்டு மூன்று தடவை அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார், பழக்கதோஷம்.

அந்த வருஷமே அங்கீகாரம் செங்கல்பட்டுக்குப் போனது. கடலோர லீக் அடுத்த கோடையைத் தாண்டவில்லை. செயலாளர் சொன்ன சொல் தவறவில்லை, மாமாவுக்கு கேட்கீப்பர் வேலை கிடைத்தது. கோல்கீப்பரின் மீனை மட்டும் கரையில் எந்த வியாபாரியும் தொடவில்லை. அவன் மனைவி கூடையைத் தலையில் சுமந்து திருக்கழுக்குன்றம்வரை நடந்து விற்றாள். மழைக்காலம் வரைக்கும் அப்படித்தான் போயிற்று. பிறகு பழைய லீக் தலைவரின் கோபம் மெல்லத் தணிந்தது. ஆனால் கோல்கீப்பர் அதற்குப் பிறகு எந்தப் பந்தையும் பிடிக்கவில்லை.

வேலை பார்த்த ஊரிலிருந்து மாமா லீவில் வரும்போதெல்லாம் இருவரும் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள், பந்தைத் தவிர. மாமா ரிடையராகி ஊருக்கே வந்துவிட்ட பிறகுதான் ஒரு மாலை அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். கடலோர லீக் அவனுக்கு எவ்வளவு பெரிது என்று தெரியும், அப்படியிருந்தும் ஏன் கையை மாற்றினான் என்றார்.

கோல்கீப்பருக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குக் கடல் கீது மச்சான். உனக்கு இன்னா இருந்துச்சி?"

மாமா அவன் தோளில் கையைப் போட்டார். இன்று அந்த இருவரும் இல்லை. அக்காவின் பேரன் ரயில்வேயில் அதிகாரியாக இருக்கிறான். தன் தாத்தாவுக்கு ரயில்வே வேலை எப்படிக் கிடைத்தது என்று போன வாரம் கேட்டான். ஒருவன் கை தூக்கினான் என்று சொல்ல ஆரம்பித்தேன்.