வாயில்லாப் பை

நான் தைத்த பையின் ஜிப் முதுகுப் பக்கம் இருக்கும். தோளில் மாட்டினால் முதுகோடும், கூட்டத்தில் முன்னால் மாட்டினால் நெஞ்சோடும் ஒட்டிக்கொள்ளும். நாம் கழற்றாமல் யாரும் திறக்க முடியாது. இப்படி ஒரு பை உலகத்திலேயே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் ரயிலில் இல்லை.

தாராவியில் ஒரு பட்டறையில் பல வருடம் பை தைத்துவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது வாடகை மெஷின் ஒன்றோடு அங்கேயே தனியாகக் கடை போட்டு உட்கார்ந்தேன். தீபாவளிக்குள் பை விற்காவிட்டால் பழைய முதலாளியிடமே திரும்புவது என்று வீட்டில் முடிவு. நாற்பது பை தைத்துத் தொங்கவிட்டிருந்தேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். கடை கடையாகப் போய், வாசலில் நின்றுவிட்டு உள்ளே ஏறாமலே வந்தேன்.

"ரயில்ல அத்தன பேரு வாராவ. ஒருத்தர்ட்டயாவது சொன்னா என்ன? வாயில்லாப் பூச்சியா இருந்தா பை தானா நடந்து போவுமா?" என்றாள் மனைவி.

பேச வராது. மாட்டிக்கொண்டு போகவாவது செய்யலாம் என்று மறுநாள் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

வீடு பாண்டுப்பில். காலை ரயிலில் ஏறி, தாராவிக்குப் பக்கத்து ஸ்டேஷனான சயானில் இறங்குவேன். ஏறியதும் பையைக் கழற்றி முன்னால் நிற்பவரிடம் கொடுத்தால், அது கைமாறிக் கைமாறி ஜன்னலுக்கு மேலுள்ள சாமான் பலகைக்குப் போகும். அங்கே அதை வாங்கி வைப்பவர் மாட்டுங்காவில் வேலை பார்க்கும் தமிழர். பல வருடமாகத் தலையசைப்பு மட்டும்தான் பழக்கம். அன்று அவர் என் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு வாய் எங்க இருக்கு?"

"உள்பக்கம் சார்."

"உள்பக்கம்னா? சாப்பாட்டு டப்பாவ எப்படி எடுப்பேள்?"

தேடிக் கண்டுபிடித்தவர், சுற்றி நின்றவர்களிடம் பையைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு வாயே இல்லை, கண்டுபிடிங்க" என்று இந்தியில் சொல்லி நீட்டினார். பை ஊர்வலம் போனது. எனக்குக் காது சுட்டது. சயானில் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஆனால் மறுநாள் நான் ஏறும்போதே ஒரு கை நீண்டது. புதிதாக வருபவரிடமெல்லாம் பையைக் கொடுத்து வாயைத் தேடச் சொல்வது ஒரு விளையாட்டாகிவிட்டது. போன் பறிகொடுத்த ஒருவர், எங்கே வாங்கியது என்று கேட்டார்.

"தாராவி" என்றேன்.

"தாராவில எங்க?" என்றார் மாட்டுங்காக்காரர்.

"என் கடைதான் சார்."

"நீங்க தச்சதா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே."

நவராத்திரிக்குள் முப்பது பைக்கு மேல் போய்விட்டது. அப்போதுதான் ஒருவருடைய ஜிப் பல் விட்டது.

"அண்ணாச்சி, உங்க பைக்கு வாய் வந்துடுத்து. மூடவே மாட்டேங்கறது" என்றார் மாட்டுங்காக்காரர். பெட்டியே சிரித்தது. இந்தச் சிரிப்பும் முந்தைய சிரிப்பைப் போலவே ஊர் சுற்றும் என்று எனக்குத் தெரிந்தது. உல்லாஸ்நகரில் மலிவாகக் கிடைத்த ஒரே சுருள் ஜிப்பை வெட்டித்தான் எல்லாப் பைக்கும் வைத்திருந்தேன்; ஒன்று விட்டால் மற்றதும் விடும்.

"பிஞ்சவன் கொண்டு வரட்டும், மாத்திக் குடுங்க" என்றாள் மனைவி. பிய்கிறவரைக்கும் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ரயிலில், என் பை வைத்திருக்கும் எல்லோரும் அதைத் தாருங்கள், காசில்லாமல் ஜிப் மாற்றித் தருகிறேன் என்று இந்தியில் சொன்னேன். பாதிதான் வெளியே வந்தது. மீதியை மாட்டுங்காக்காரர் உரக்கச் சொன்னார். நன்றாக இருந்த பைகளையும் காலி செய்து கொடுத்தார்கள். இரண்டு நாள் பிளாஸ்டிக் உறையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் போனார்கள். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டு அதற்குள் அலுத்திருந்தது, வாய் எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. புது ஆட்கள் வந்தது, பிய்யாத பையையும் வாங்கிச் சரிசெய்தான் என்ற பேச்சைக் கேட்டுத்தான். மிச்சமிருந்ததும் போய், அறுபது பைக்கு ஆர்டர் சேர்ந்தது. பழைய முதலாளி பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தார். அதே ரயிலில் லேடீஸ் பெட்டியில் போகிறவர்; என் பை வாங்கிய கணவர் வீட்டில் கதையைச் சொன்னாராம். பையை மாட்டிப் பார்த்தார்.

"பட்டை நீளம்ணே. எங்க பெட்டி நெரிசல்ல இடுப்புல இடிக்கும். சின்னதாக்கிக் குடுங்க, பத்து பேருட்ட சொல்லுதேன்."

"இப்ப சொல்லாதீங்கம்மா. ஒரு வாரம் போட்டுப் பாத்துட்டு, நல்லாருந்தா சொல்லுங்க" என்று பட்டையைச் சுருக்கித் தைத்துக் கொடுத்தேன்.

அவர் போனதும் அட்டையை எடுத்து, பெண்களுக்கென்று புது அளவு வெட்ட ஆரம்பித்தேன்.