பெயர் கிடைக்காத நீலக் காளான்

குணராசா சேர் மோசம் போய்விட்டார் என்ற மரணச் செய்தி, பேருந்து கின்னியாப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கையில் வந்தது. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பினேன். திருகோணமலையில் ஒரே பாடசாலையில் பதினொரு வருடம் இருவரும் விஞ்ஞானம் படிப்பித்தோம். அவர்மேல் கிடக்கும் ஒரு பிழையை இறக்கி வைக்கவே இதை எழுதுகிறேன்.

மாரி தொடங்கினால் சேர் காட்டுக் காளான் தேடிப் புறப்படுவார். கண்டவுடன் பெயர் சொல்லமாட்டார். தொப்பியை வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான கடதாசியில் கவிழ்த்து, உதிரும் வித்திகளின் நிறத்தைப் பார்த்த பிறகே வாய் திறப்பார். "பேர் வைக்கிறது லேசு. வைச்ச பேரைத் திருப்பி எடுக்கத்தான் ஏலாது" என்பார்.

ஒரு மாரியில் கந்தளாய்ப் பக்கக் காட்டில், வீரை மரத்தடியில், தொட்ட இடம் நீலமாகும் காளான் ஒன்றைக் கண்டோம். ஒன்றே ஒன்று. படத்தைப் பார்த்த ஆய்வாளர் ஒருவர், இலங்கையில் மிக அரிதான இனமாக இருக்கலாம், வித்தி கிடைத்தால் உறுதிப்படுத்தலாம் என்றார். மறுநாள் இருவரும் போனோம். சேரே அதைப் பிடுங்கி, கடதாசிப் பையில் வைத்து என்னிடம் தந்தார். அவர் அப்படியே மூதூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. வழியில் தூறல். கடதாசி நனைந்துவிடுமே என்று, பெரிய கெட்டிக்காரன்போல, காளானைச் சொப்பிங் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். பொலித்தீனுக்குள் காளான் வியர்த்து அழுகும் என்று அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அடுத்த நாள் பாடசாலையில் அவிழ்த்தபோது கூழாகக் கிடந்தது.

சேர் என்னை ஏசவில்லை. பாடசாலை அதிபர் விசாரித்தபோது, "நான்தான் பொலித்தீன்ல கட்டிப்போட்டன்" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அதன்பின் மழை பெய்தால் போதும், ஆசிரியர் அறையில் யாராவது கேட்பார்கள்: "சேர், காளான் சொதி எப்பிடி?" அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒவ்வொரு மாரியும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போவார். காளான் பிறகு முளைக்கவே இல்லை.

முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்குப் போனபோது அவருடைய மனைவியிடம் சொன்னேன். "அக்கா, அந்தக் காளானைப் பழுதாக்கினது நான்."

"தெரியும்" என்றார் அவர். "மரக்கறி வாங்கவே கடதாசிப் பையோட போற மனிசன், காளானைப் பொலித்தீன்ல கட்டுவாரோ? நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவர்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு மாரி அந்தக் காட்டில் நாங்கள் இருவர் மட்டும் நின்றிருக்கிறோம். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். அவரை அறிந்த உங்களிடம் இப்போது சொல்கிறேன்: அழுகவிட்டவன் நான். அவர் எனக்கென விட்டுப்போனது அந்தப் பழி ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.