முதல் காட்சிப் பிணம்

எண்பதுகளில் நானும் கல்லூரித் தோழர்கள் மூவரும் ஒரு திகில் படம் எடுக்கக் கிளம்பினோம். பிரான்சிலிருந்து என் சித்தப்பா கொண்டுவந்த சின்ன கேமராதான் மூலதனம். மீன் ஏலம் முடிந்த காரைக்கால்மேட்டு மணலில் உட்கார்ந்து முதல் காட்சியை யோசித்தோம்.

அலையில் ஒதுங்கிய பெண் பிணம் என்றான் ஒருவன். படகுக்கடியில் பெண் பிணம் என்றான் அடுத்தவன். வலையில் சிக்கிய பெண் பிணம் என்றான் மூன்றாமவன். கூட்டத்தில் பெண் நான் ஒருத்திதான்.

"நீ கண்ண மூடிப் படுத்தாப் போதும், வசனமே கெடையாது" என்று ஆசை வேறு காட்டினார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேமராவைக் கையில் எடுத்தேன்.

"படம் புடிக்கிறது நான். யாரு சாகுறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

எங்கள் படம் மூன்று பிணங்களோடு தொடங்கியது. மூன்றுக்கும் மீசை இருந்தது.