ஆணி என்று சொல்லிவிட்டேன்

காலையில் கடை திறந்ததும் பினாயில் வாசனை அடிக்கும். துடைத்த ஈரம் காயாத மொசைக் தரையில் வெறுங்காலை வைத்தால் சில்லென்று ஏறும்... கூடவே வலது குதிகாலில் சுருக்கென்று ஒரு குத்தல். கடலைப்பருப்பு ஒன்று அடியில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். குனிந்து தட்டிவிடுவேன். தட்டிவிட அங்கே ஒன்றும் இருக்காது.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடை. அப்போது எனக்கு இருபது வயது, ஊர் திருக்கோவிலூர். புடவை செக்ஷனில் சேல்ஸ் கேர்ள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். நாள் முழுக்க நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் சூப்பர்வைசர், "இன்னா, வூட்டு ஞாபகமா?" என்பார்.

கடைக்குப் பின்னால் ஹாஸ்டல். ஒரு ஹால், பதினொரு பெண்கள், ஒரே பாத்ரூம்... அதன் தரை காய்ந்து நான் பார்த்ததே இல்லை.

முதல் ஆறு மாதம் எனக்கு அங்கே யாரும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு எந்தக் கூட்டத்தில் உட்காருவது என்று தெரியாமல் நிற்பேன். அப்புறம் அலமேலு வேலைக்கு வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் அவள் ஊர். என்னைவிட இரண்டு வயது சின்னவள். வந்த இரண்டாம் நாளே, "யக்கா, இங்க வந்து குந்து" என்று தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். அந்த இடம் எனக்கு எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

குதிகால் தேய்க்க ஒரு சொரசொரப்பான கல் வைத்திருந்தாள். யார் கேட்டாலும் தரமாட்டாள். எனக்கு மட்டும் தருவாள்.

நான் நொண்டுவதை முதலில் கவனித்ததும் அவள்தான்.

"இன்னாக்கா, காலை சாச்சிக்கினு நடக்குற?"

"ஆணிடி."

எங்கள் பக்கத்தில் உள்ளங்காலில் எது தடித்தாலும் ஆணிதான். எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். பிளேடால் சீவினேன், மெடிக்கலில் ஆணி பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன். ஒன்று இருந்தது மூன்றாகிவிட்டது.

கடைசியில் ஒரு மணிநேரம் பர்மிஷன் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேடி டாக்டர் தடிப்பை இரண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளினார். உயிர் போய்விட்டது.

"இது ஆணி இல்லம்மா, மரு. ஆணின்னா நேரா அமுக்கினாத்தான் ஜாஸ்தி வலிக்கும். இந்தக் கறுப்புப் புள்ளிங்களை வேர்னு நெனச்சு நோண்டாத. அது சின்னச் சின்ன ரத்தக் குழாய். பிளேடு போடப் போடப் பரவும்."

ஒரு வைரஸ் கிருமியால் வருவதாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்தால் ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்கு ஒட்டுமாம்.

"பாத்ரூமுக்குத் தனியாச் செருப்பு போடு. துண்டு, கால் தேய்க்கிற கல்லு... எதையும் யார்கூடவும் பங்கு போட்டுக்காத. பயப்படாத, போயிடும். நாளாகும், அவ்ளோதான்."

திரும்பி வந்தபோது அலமேலு ஹாஸ்டல் கேட்டிலேயே நின்றிருந்தாள். "டாக்டரு இன்னாக்கா சொன்னாங்க?"

எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது வேறொருத்தி. அதற்கு முந்தின வருஷம் ஹாஸ்டலில் கையில் சொறி வந்த பெண். அவள் பாயை எல்லாருமாகச் சேர்ந்து கதவோரம் தள்ளினார்கள். பத்து நாளில் ஊருக்குப் போய்விட்டாள்.

"ஆணிதானாம்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அலமேலு கல்லை நீட்டினாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். வாங்கினேன். தேய்த்தேன். கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

எல்லாரும் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். வெந்நீரில் காலை ஊறவைத்து, செத்த தோலை மெதுவாக எடுத்து, டாக்டர் எழுதிய சாலிசிலிக் ஆசிட் மருந்தைச் சொட்டுவிட்டு, மேலே பிளாஸ்டர். தினமும். மூன்று மாதம் போனது. ஒருநாள் பார்த்தால் தடிப்பு இருந்த இடத்தில் தோல் ரேகைகள் பழையபடி ஓடின.

அதே மாதம்தான் அலமேலு பாதத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"யக்கா, இத பாரேன். உனக்கு வந்த மாரியே எனக்கும் ஆணி!" சிரித்தாள். ஜோடிப் பொருத்தமாம்.

கையில் பிளேடு வைத்திருந்தாள்.

"பிளேடு போடாதடி."

"நீ போட்டல்ல?"

ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்; பாயை விரிக்கப் போய்விட்டேன்.

தீபாவளி வியாபாரம் வந்தது. அவளால் நிற்க முடியவில்லை. ரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் புடவை மடித்தாள். "சரியானதும் வா" என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை அவள் பையை நான்தான் தூக்கிப் போனேன். மீதி மருந்து என் ஹேண்ட்பேகில் இருந்தது. கொடுத்தால், இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பாளே...

ஜன்னலோரம் உட்கார்ந்து, "உனுக்குப் போயிடுச்சில்ல, எனுக்கும் போயிடும். நீ அழுவாதக்கா" என்றாள்.

வெள்ளிமலை பஸ் கிளம்பியது. அலமேலு திரும்பி வரவில்லை. அன்றைக்கு ராத்திரி தட்டை வைத்துக்கொண்டு மறுபடியும் நின்றேன். தனியாகிவிடுவேன் என்று பயந்துதானே அந்தப் பொய்யைச் சொன்னேன்?

கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு தடவை அவளைத் தேடி வெள்ளிமலை பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் கச்சிராயபாளையத்திலேயே இறங்கித் திரும்பிவிட்டேன்.

உங்களில் யாருக்காவது உள்ளங்காலில் இப்படி வந்தால் பிளேடை எடுக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். கூட இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். தள்ளி நிற்பார்கள்தான்... சிலர் நிற்கமாட்டார்கள். அலமேலு தள்ளி நின்றிருக்கமாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்காரர் தவறி மூன்று வருஷம் ஆகிறது. மகள் ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் பாத்ரூம் தரை எப்போதும் காய்ந்தே கிடக்கிறது, செருப்பு ஒரு ஜோடிதான். என்னிடமிருந்து எதுவும் ஒட்டிக்கொள்ள இங்கே யாரும் இல்லை.