மெயினை அணைத்தவர்

லிஃப்ட் மெக்கானிக்குகள் நடுவில் அவருக்கு ‘மெயின்காரர்’ என்று பெயர். லிஃப்டில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலும் சரி, கதவு ஒரு விரற்கடை நகர மறுத்தாலும் சரி, மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறி, மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மறுவேலை பார்ப்பார். பாதி ஓடுகிற லிஃப்ட் என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்பார். ஓடினால் ஒழுங்காக ஓட வேண்டும், இல்லையென்றால் நிற்க வேண்டும். வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஆளுக்குக்கூட அடிபடாமல் வேலை பார்த்தவர் என்பதால் அவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

இந்த நல்ல பழக்கம்தான் ஒரு வியாழக்கிழமை காலையில் அவரைக் கொலைகாரர் ஆக்கப் பார்த்தது.

அதற்கு முந்தைய திங்கட்கிழமை அவர் மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். ஒரு மாதமாக வலது விலாவுக்குக் கீழே வலி. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஈரல் வீங்கியிருக்கிறது, இப்படியே போனால் இறுகிவிடும், இறுகிவிட்டால் பிறகு மருந்து கிடையாது என்றார். எவ்வளவு குடிப்பீர்கள் என்று அடுத்த கேள்வி. பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரத்தில் இரண்டு நாள், சும்மா ஒன்றோ இரண்டோ என்று வாய் கூசாமல் சொன்னார்.

உண்மைக் கணக்கு வேறு. காலையில் வேலைக்கு ஏறுவதற்கு முன் கால் பாட்டில். அது கருவிப் பையில், கழுவித் துடைத்த எண்ணெய்க் குப்பிக்குள் இருக்கும். லிஃப்ட்காரன் பையில் எண்ணெய்க் குப்பி இருந்தால் எந்தப் புத்திசாலிக்குச் சந்தேகம் வரும்? மத்தியானம் மோட்டார் அறையில் இன்னொரு கால். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் அரை. மனைவிக்குத் தெரிந்தது சில சாயங்காலங்கள் மட்டும்.

டாக்டரம்மா விவரம் தெரிந்தவர். நீங்கள் சொல்கிற அளவுதான் என்றால் இன்றைக்கே நிறுத்திவிடலாம் என்றார். ஆனால் தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது, உடம்பு தாங்காது, வலிப்பு வரும், புத்தி தடுமாறும், மாத்திரை கொடுத்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார். இவர் முகத்தைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிப்படியாகவாம். பாதி ஓடுகிற லிஃப்ட் மாதிரி இதென்ன வைத்தியம் என்று உள்ளுக்குள் எரிச்சல்தான் வந்தது. அன்று சாயங்காலமே எண்ணெய்க் குப்பியையும், பரணில் ஒளித்திருந்த பாட்டிலையும் குளியலறையில் கொட்டினார். மெயின் அணைந்தாயிற்று. அவருக்கே தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை வியர்த்துக் கொட்டியது. புதன்கிழமை கை நடுங்கத் தொடங்கியது. டீக்குவளையை மேஜையில் வைத்து, குனிந்து உறிஞ்ச வேண்டியிருந்தது. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், லீவு போடச் சொன்னாள். டாக்டரம்மா சொன்ன வலிப்பு என்ற வார்த்தை காதுக்குள் கிடந்து குடைந்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொன்னால் கணக்கு வெளியே வரும், குப்பி வெளியே வரும், பத்து வருஷம் இந்தக் கையை நம்பித் தன் தம்பியை அனுப்பியவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? மனிதர் பயத்தை விழுங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

ஆம், கூட வேலை பார்ப்பது மனைவியின் தம்பிதான். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், கலகலப்பானவன். இருவருக்கும் ஒரு வேலைமுறை உண்டு. லிஃப்டை நகர்த்திப் பார்க்கிற வேலைக்கு மட்டும் மெயின் ஓடும். ஒருவர் லிஃப்டின் கூரைமேல், அதை ஏற்றி இறக்குகிற பொத்தான் பெட்டியோடு நிற்பார். மற்றவர் அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கித் தாங்கு ஸ்பிரிங்குகளைப் பார்ப்பார். கீழே இருப்பவர் என்ன சொல்கிறாரோ அதை மேலே இருப்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகும். சொல்லாமல் விரல் போனதே இல்லை.

வியாழக்கிழமை, பத்து மாடி அலுவலகக் கட்டடம். மைத்துனன் குழிக்குள் குந்தியிருந்தான். இவர் முதல் மாடி உயரத்தில், கூரைமேல் நின்றார். கீழேயிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அப்போதுதான் பொத்தான் பெட்டியின் மேல் எறும்பைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, பிறகு ஒரு சாரை. கம்பிவடத்திலிருந்து இறங்கி, பொத்தான்மேல் ஏறி, அவர் மணிக்கட்டுக்கு வந்தன. தட்டிவிட்டார். இன்னும் வந்தன. உள்ளங்கையால் பெட்டியை அழுத்தித் துடைத்தார்.

லிஃப்ட் இறங்கியது.

கீழே ஒரு அலறல், கூடவே சடாரென்று ஒரு சத்தம். மைத்துனன் எக்கிக் குழிச் சுவரிலிருந்த நிறுத்து சுவிட்சை அடித்திருந்தான். லிஃப்ட் அவன் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றது. முழங்கை சுவரில் உரசி, தோல் உரிந்து ரத்தம் வடிந்தது.

அவன் மேலே ஏறி வந்து கேட்டபோது, பெட்டி பூராவும் எறும்பு என்றார் இவர். மைத்துனன் டார்ச் அடித்துப் பார்த்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

“எறும்பு எங்க மாமா இருக்கு?”

அவன் விரல்மேலேயே ஊர்ந்துகொண்டிருந்தன. ஈரல் கெட்டால் டாக்டரிடம் போகலாம். தன் கண்ணே பொய் சொல்கிறது என்றால் இனி எதை நம்பி எங்கே காலை வைப்பது? சின்னப் பிள்ளை மாதிரி மைத்துனன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அவன் அக்காவுக்கு போன் போட்டுவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப் போனான்.

டாக்டரம்மா நாடி பார்த்தார், நீட்டிய கையின் நடுக்கத்தைப் பார்த்தார். மனைவி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். மைத்துனன் கைக்குட்டையை முழங்கையில் சுற்றிக்கொண்டு கதவோரம் நின்றான்.

“உண்மைய சொல்லுங்க. அளவு தெரிஞ்சாத்தான் மருந்து சரியா கொடுக்க முடியும். தப்பா கொடுத்தா உயிருக்கே ஆபத்து.”

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தினமும். காலையில் கால் பாட்டில், சாயங்காலம் அரை.

“காலையிலயா?” என்றாள் மனைவி. “இவன் கீழ குழிக்குள்ள இருக்கும்போதா?”

“ஆமா.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. தம்பியிடம் போய் அவன் தலையை, தோளை, முதுகைத் தடவிப் பார்த்தாள். கைக்குட்டையை அவிழ்த்துக் காயத்தைப் பார்த்து, மறுபடி கட்டிவிட்டாள். டாக்டரம்மா அதற்குள் அளவைக் குறித்துக்கொண்டு மருந்துக் கணக்கைப் போடத் தொடங்கியிருந்தார். இனி எல்லாம் முடிந்தது என்று இவர் கண்ணை மூடினார்.

“டாக்டர், எழுதறதுக்கு முன்னாடி அவர இன்னொரு தடவ கேட்டுருங்க,” என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமலே.

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். கட்டில் விரிப்பில் எறும்புகள் இன்னும் ஊர்ந்துகொண்டுதான் இருந்தன. அவற்றைவிட அந்த மூன்று பேரும் காத்திருந்ததுதான் அவரை நடுங்க வைத்தது.

“மத்தியானமும்,” என்றார். “இன்னொரு கால்.”

டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எழுதினார்.